மைனாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

சித்திரை வெயில் ஏறியதும் கைபேசிகளில் ஒரு யோசனை சுற்றத் தொடங்கும்: மயங்கி விழுந்த பறவையைப் பார்த்தால் வாயில் இரண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விடுங்கள், தெம்பு வந்து பறந்துவிடும். அனுப்புகிறவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் விழுந்து கிடப்பது மைனாவாக இருந்தால் அந்தச் சர்க்கரை அதற்கு உணவே ஆகாது. குடலில் அப்படியே தங்கி, ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து மேலும் நீரை இழுத்துக்கொண்டு எச்சமாக வெளியேறும். சிட்டுக்குருவிக்கோ தேன்சிட்டுக்கோ அதே சர்க்கரை சிக்கலில்லாமல் செரித்துவிடும். இந்த வேறுபாடு ஏன் பேசப்படுவதே இல்லை என்று யோசித்தால், 'பறவைக்கு என்ன, கிடைத்ததைத் தின்னும், தின்றது செரிக்கும்' என்ற நினைப்பில் போய் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் பறவை பார்ப்பவர்களிடம்கூட இந்த நினைப்பு உண்டு. மழை மாதங்களில் பூச்சி, பிறகு பழம், அறுவடைக் காலத்தில் தானியம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். அலகு பேச்சுக்கு வரும், இறக்கை வரும், குடல் வராது. பருவத்துக்குப் பருவம் இரை மாறும்போது அதிகம் பாடுபடுவது குடல்தான். அது எதை மாற்றிக்கொள்ளும், எத்தனை நாளில் மாற்றிக்கொள்ளும், எதை மாற்றவே முடியாது என்று தெரிந்தால், ஒரு பறவை இந்த மாதம் ஏன் இந்த மரத்தில் இருக்கிறது என்பதும் கூடவே புரியும்.

இதில் மிக நன்றாக ஆராயப்பட்ட பறவை அமெரிக்க ராபின். நம் மலைக்காடுகளில் உள்ள பூங்குருவிகளின் உறவு. அமெரிக்க அரசின் உயிரியல் கணக்கெடுப்புத் துறை பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த இரைப்பைப் பதிவுகளை எடுத்து, சுமார் 1900 ராபின்கள் என்ன தின்றிருந்தன என்று நதானியேல் வீல்ரைட் 1986இல் தொகுத்து வெளியிட்டார். வசந்தத்தில் அவற்றின் இரையில் பழத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புழு பூச்சிதான். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பழம் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டிவிடுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் சில வாரங்களுக்குள் நடந்து முடிகிறது. புழுவில் புரதம் அதிகம், சர்க்கரை அரிது. பழத்தில் நீரும் சர்க்கரையும் விதையும்தான், புரதம் மிகக் குறைவு. ஒரே குடல் இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது?

அந்தக் காலத்தில் உடலியலாளர்கள் எதிர்பார்த்த பதில் நேரானது. பழம் தின்னும் மாதங்களில் குடல் சுவரில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் பெருகும். பூச்சி மாதங்களில் அவை குறைந்து, அமினோ அமிலக் கடத்திகள் பெருகும். எலியிலும் வேறு சில விலங்குகளிலும் அப்படித்தான் கண்டிருந்தார்கள். டக்ளஸ் லெவியும் வில்லியம் கராசோவும் ராபின்களைப் பழ உணவிலும் பூச்சி உணவிலும் பழக்கிப் பார்த்து, 1992இல் முடிவை வெளியிட்டபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போயிருந்தது. குடல் சுவர் சத்தை உறிஞ்சும் வேகம் இரைக்கேற்றபடி மாறவில்லை. தெளிவாக மாறியது, இரை குடலுக்குள் தங்கும் நேரம். பழம் தின்ற ராபினின் குடல் இரையைச் சீக்கிரம் தள்ளிவிட்டது; பூச்சி தின்றபோது அதிக நேரம் பிடித்து வைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குடல் வேகமாகத் தள்ளினால் ஒவ்வொரு பழத்திலிருந்தும் கிடைக்கும் சத்து சற்றுக் குறையும், அதில் ஐயமில்லை. ஆனால் பழந்தின்னிக்கு வேண்டியது மணிக்கு எவ்வளவு வரவு என்ற கணக்கு. பழத்தின் நீரும் விதையும் குடலில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை அடுத்த பழத்துக்கு இடமில்லை. பாதி சக்கையை விரைவில் வெளியேற்றி அடுத்ததை விழுங்கினால் மாலைக்குள் மொத்த வரவு கூடும். சர்க்கரை எளிதில் உள்ளே போகும் சத்து என்பதால் இது கட்டுபடியாகிறது. பூச்சியின் புரதம் அப்படியில்லை. அதை அரைத்து, நொதிகளால் துண்டுதுண்டாக வெட்டி, பிறகுதான் உறிஞ்ச முடியும், அவசரப்பட்டால் நஷ்டம்.

கடத்திகள் பெருகாமல் அவ்வளவு சர்க்கரை எப்படி உள்ளே போகிறது என்ற கேள்விக்கும் பிறகு பதில் கிடைத்தது. சிறு பறவைகளின் குடலில் குளுக்கோஸின் பெரும்பகுதி கடத்திகளின் துணையே இல்லாமல், செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியே தானாகக் கசிந்து இரத்தத்தில் சேர்கிறது. பறக்கும் உடம்பில் எடை குறைய வேண்டும், அதனால் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் குடல் குட்டை. அதே அளவுள்ள, பறக்காத பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரியும். குட்டைக் குடலின் குறையை இந்தக் கசிவு ஈடுகட்டுகிறது என்று எனிரிக்கே கவியேடெஸ்-விடாலும் கராசோவும் பிறரும் 2007இல் காட்டினார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. குளுக்கோஸ் நுழையும் இடுக்கில் நீரில் கரையும் நஞ்சும் நுழையும். தாவர நஞ்சுகள் நிறைந்த இரையைச் சில பறவைகள் ஒரே மூச்சில் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றித் தின்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இல்லாத நொதி

மைனாவுக்கு வருவோம். கடைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ்: ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கோத்துக்கொண்ட இரட்டை மூலக்கூறு. இரட்டையாக இருக்கும் வரை அது குடல் சுவரைத் தாண்டாது. சுக்ரேஸ் என்ற நொதி அதை இரண்டாக வெட்ட வேண்டும். ஸ்டார்லிங்குகள், பூங்குருவிகள், ஈப்பிடிப்பான்கள் அடங்கிய பெருங்கிளையில் பரிசோதித்த இனங்களுக்கு இந்த நொதி இல்லை என்பதை 1980களின் கடைசியில் கார்லோஸ் மார்ட்டினெஸ் டெல் ரியோ நிறுவினார். நம் மைனா ஸ்டார்லிங் குடும்பம். குண்டுகரிச்சானும் இந்தப் பெருங்கிளையில்தான் வருகிறது. வெட்டப்படாத சுக்ரோஸ் குடலில் சேரும்போது, சவ்வூடு பரவலால் உடலின் நீர் குடலுக்குள் வருகிறது. எச்சம் தண்ணீராகப் போகிறது. ராபின்களும் ஸ்டார்லிங்குகளும் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டு சுக்ரோஸ் கரைசலைத் தவிர்க்கின்றன. பழத்தோட்டங்களில் சுக்ரோஸ் கூடிய ரகங்களைப் பயிரிட்டால் இந்தப் பறவைகள் அண்டாது என்ற யோசனைகூட அமெரிக்காவில் ஆராயப்பட்டது. ஆனால் அங்கே தோட்டங்களைச் சூறையாடும் சீடர் வேக்ஸ்விங் பறவைக்கு சுக்ரேஸ் உண்டு. அதை இது தடுக்காது.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். இயற்கையானது என்பதால் மைனாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். வீட்டில் சர்க்கரையும் உப்பும் கலந்து செய்யும் கரைசலும் அப்படியே. மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும், உலகச் சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். தூளில் இருப்பது குளுக்கோஸ், லிட்டருக்கு 13.5 கிராம். எந்தப் பறவை என்று தெரியாத நிலையில் இதுதான் பாதுகாப்பு. சுவையூட்டி அட்டைப்பெட்டியில் வரும் பானங்களை வாங்கக் கூடாது, அவற்றில் சுக்ரோஸ் சேர்ப்பதுண்டு. பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் முழுதாகக் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் பறவை தானே இழுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து ஊற்றினால் நாக்கின் பின்முனையை ஒட்டியே இருக்கும் மூச்சுத் துளைக்குள் நீர் போய் நுரையீரல் அடைபடும். காப்பாற்ற நினைத்துக் கொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தலை நிமிராத, நினைவில்லாத பறவைக்கு எதையும் புகட்டவே கூடாது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வைத்து அது விழிக்கும் வரை பொறுக்க வேண்டும். வெயிலில் விழுந்ததென்றால் நிழலும் காற்றும்தான் முதல் மருந்து.

சுக்ரேஸ் இல்லாதது சர்க்கரையோடு முடிவதில்லை. அந்த நொதி தனியாக இருப்பதில்லை. சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்ற ஒரே புரதம் சுக்ரோஸையும் வெட்டும், மாவுச்சத்து உடைந்து வரும் மால்டோஸின் ஒரு பங்கையும் வெட்டும். ஆகவே அது இல்லாத பறவைக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறனும் மட்டு. ஆனாலும் ஐரோப்பிய ஸ்டார்லிங் குளிர்காலத்தில் தானியத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகத்தான் செய்கிறது, வேறு வழியில்லை. அப்போது அதன் குடல் நீளுகிறது; கோடையில் பூச்சிக்குத் திரும்பியதும் சுருங்குகிறது. நொதியைப் புதிதாக உண்டாக்க முடியாத உடம்பு, நீளத்தைக் கூட்டி, இருக்கும் நொதிக்கு அதிக இடமும் நேரமும் கொடுத்துச் சமாளிக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சூறைக்குருவியைப் பாருங்கள். சோளக்குருவி என்றும் சொல்கிறோம். நடு ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி மிகுந்த இடங்களில் கூட்டமாகக் கூடு கட்டி, குஞ்சுகளை வெட்டுக்கிளி ஊட்டி வளர்க்கிற பறவை. குளிர்காலத்துக்குத் தென் மாவட்டங்கள் வரை இறங்கிவந்து சோளக்கொல்லையிலும் ஆல், அரசு, உகா மரங்களிலும் விழுகிறது. அதுவும் ஸ்டார்லிங் குடும்பம்தான். தை, மாசியில் கல்யாணமுருங்கையும் இலவும் பூத்ததும் அவற்றில் கூட்டம் கூட்டமாகத் தேன் குடிப்பதைக் காணலாம். சுக்ரோஸ் ஆகாத பறவை தேன் குடிக்கிறதே என்றால், விடை பூவில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்டு) வந்து குடிக்கும் கல்யாணமுருங்கை இனங்களின் தேனில் சுக்ரோஸ் மிகுதி. மைனா போன்ற, கிளையில் அமர்ந்து குடிக்கும் பறவைகளை நம்பியிருக்கும் இனங்களின் தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுதி. வெட்டிக் கொடுத்த சர்க்கரையை மரமே தருகிறது. பறவைகள் முழுதாக விழுங்கும் சிறு காட்டுப் பழங்களிலும் பெரும்பாலும் இந்த ஒற்றைச் சர்க்கரைகள்தான். எந்த மரம் பூக்கிறது, எது பழுக்கிறது என்பதோடு, அதில் என்ன சர்க்கரை என்பதும் இந்தப் பறவைகள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மெழுகைச் செரிக்கும் குருவி

எல்லாக் குடல்களும் ராபினுடையதைப் போல நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்பதில்லை. வட அமெரிக்காவின் பைன் வார்ப்ளர் என்ற சிறு குருவி கோடையில் பூச்சி, குளிரில் பைன் விதை, இடையிடையே பழம் என்று வாழ்வது. வார்ப்ளர்களில் விதையை வழக்கமாகத் தின்பது அது ஒன்றுதான். லெவியும் மார்ட்டினெஸ் டெல் ரியோவும் பிறரும் 1999இல் வெளியிட்ட சோதனையில், இரையின் தன்மைக்கேற்ப அதன் கணையம் சுரக்கும் நொதிகள் மாறின. இரை பலவகையாக மாறும் இனத்தில் நொதியும் நெகிழ்ந்து கொடுக்கிறது.

இன்னும் வியப்பானது மஞ்சள்பிட்ட வார்ப்ளர். மற்ற வார்ப்ளர்கள் வெப்பமண்டலத்துக்கு ஓடிவிடும் குளிர்காலத்தில் இது அட்லாண்டிக் கரையோரம் வெகு வடக்கிலேயே தங்குகிறது. அங்கே பேபெரி என்ற புதரின் காய்கள் வெண்மையான மெழுகுப் பூச்சோடு குளிர்காலம் முழுக்கச் செடியிலேயே நிற்கும். முன்பு குடியேறிகள் அந்தக் காய்களைக் கொதிக்கவைத்து மெழுகுவத்தி செய்தார்கள். நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் செறிந்த அந்த மெழுகைப் பெரும்பாலான பறவைகளால் சரிவரச் செரிக்க முடியாது. இந்தக் குருவி அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது என்று ஆலன் பிளேஸும் எட்மண்ட் ஸ்டைல்ஸும் 1992இல் காட்டினார்கள். அதன் பித்தப்பையிலும் குடலிலும் பித்த உப்பின் செறிவு அதிகம். உருகிய கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து நொதிக்கு எட்டும்படி செய்வது அதுதான். கொழுப்பு குடலில் மெதுவாக நகர்கிறது. குடலுக்குப் போனது, இரையை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பைக்குத் திரும்பவும் தள்ளப்படுகிறது. பித்தம் கலந்த கலவை அங்கே இன்னொரு முறை பிசையப்படுகிறது. பழத்தை விரட்டி வெளியேற்றும் ராபினுக்கு நேர் எதிரான உத்தி.

அரைவைப்பையே மாறும் பறவையும் உண்டு. ஐரோப்பிய நாணல் காடுகளில் வாழும் பியர்டட் ரீட்லிங் கோடையில் பூச்சியும் குளிரில் நாணல் விதையும் தின்கிறது. விதைக் காலம் நெருங்கும்போது அரைவைப்பையின் தசை தடித்துக் கெட்டியாகிறது. மணற்கற்களை விழுங்கி உள்ளே நிறைத்துக்கொள்கிறது. வசந்தத்தில் தசை இளைக்கிறது, கற்களும் குறைந்துவிடுகின்றன.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் நாள் பிடிக்கும். குடலின் உள்சுவர்ச் செல்கள், விரலிகள் எனப்படும் விரல் போன்ற நுண்நீட்சிகளின் அடிக்குழியில் பிறந்து நுனிக்கு ஏறி உதிர்பவை. சுவர் வளர்வதும் இளைப்பதும் இந்த ஓட்டத்தைப் பொறுத்தது. நொதி அதைவிட விரைவாக மாறலாம், தசை அதைவிட மெதுவாக. இடைப்பட்ட நாள்களில் பறவை புதிய இரையை வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் சேர்வது குறைவு. ஸ்காட் மெக்வில்லியம்ஸும் கராசோவும் வெண்தொண்டைச் சிட்டுகளைத் திடீரெனக் கடுங்குளிரில் விட்டபோது, அவற்றால் வழக்கத்தைவிடப் பாதியளவே கூடுதலாகத் தின்று செரிக்க முடிந்தது. மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக்கியபோது குடல் வளர்ந்து, இரு மடங்குக்கும் மேல் தின்றன. அதே பறவை, அதே தீனி. குடலுக்கு அவகாசம் கிடைத்ததா என்பது மட்டுமே வேறுபாடு.

வலசைப் பறவைகளுக்கு இந்தத் தாமதம் உயிர்ப் பிரச்சினை. சஹாராவைக் கடந்து வசந்தத்தில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இறங்கும் பிளாக்கேப் என்ற கதிர்க்குருவியை அங்கேயே பிடித்து ஆராய்ந்தார்கள். 2 நாள் இரையில்லாமல் இருந்தாலே அதன் சிறுகுடலின் எடை பாதிக்கு நெருக்கமாகக் குறைந்துவிடுகிறது, ஈரலும் இளைக்கிறது. பறக்கும்போது குடல் வீண் சுமை, அதன் புரதம் எரிபொருள். ஆனால் தரையிறங்கியதும் அந்த இளைத்த குடலை வைத்துத்தான் இரைதேட வேண்டும். அதனால்தான் இரை மிகுந்த இடத்தில் இறங்கிய பறவைகள்கூட முதல் ஓரிரு நாள்களில் எடை ஏறுவதில்லை. ஒரு நீர்நிலையோரப் புதர்க்காட்டை, 'பறவை இங்கே ஒரு நாள்தானே தங்குகிறது' என்று அழிப்பவர்கள் அந்த ஒரு நாளில் நடப்பது இரைதேடல் மட்டுமல்ல, உறுப்பைத் திரும்பக் கட்டுவதும்தான் என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பட்டினி கிடந்த பறவைக்கு ஒரேயடியாக நிறையத் தீனி வைப்பதும் இதே காரணத்தால் தவறு. பட்டினி முடித்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல, நீர்ச்சத்து திரும்பிய பிறகு சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

சிட்டுக்குருவிக் குஞ்சு

நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கு இந்த இரை மாற்றம் பருவத்தோடு மட்டும் இல்லை, பிறந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒருமுறை நடந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வந்த முதல் நாள்களில் பெற்றோர் ஊட்டுவது ஏறக்குறைய முழுக்கப் பூச்சி. பிறகு தானியத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும். கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு மாவுச்சத்துள்ள தீனி கொடுத்தால் குடலில் மால்டோஸை வெட்டும் மால்டேஸும் சுக்ரேஸும் கூடுகின்றன. 2009இல் பவெல் பிஷெக்கும் கராசோவின் குழுவும் இதைக் காட்டினார்கள். தீனியைத் திரும்ப மாற்றினால் நொதியும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இந்த மாற்றம் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடுவது பின்னர் தெரியவந்தது. வளர்ந்த சிட்டிடம் இந்த நெகிழ்வு அதே அளவில் இல்லை: புரதம் கூடினால் புரதம் வெட்டும் நொதி கூடுகிறது, மாவு கூடியதற்காக மால்டேஸ் கூடவில்லை.

நெகிழ்வு இருக்கிறதே, குஞ்சுக்கு நொய்யரிசிக் கஞ்சி கொடுத்தால் பழகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நொதி பழகும். ஆனால் இறகும் தசையும் வளரத் தேவையான புரதம் அரிசியில் இல்லை. நொதியால் இல்லாத சத்தை உண்டாக்க முடியாது. முதல் வாரத்தில் அரிசியை மட்டும் ஊட்டிய குஞ்சு வயிறு உப்பி, இறகு வெளிறி, கால் வலுவில்லாமல் நிற்கும். விழுந்த குஞ்சை முடிந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கூடு எட்டாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைப்பதே முறை. காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர்கள் வரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தலையும் காலும் நீக்கிய சிறு வெட்டுக்கிளி, மாவுப்புழு, இல்லையேல் அவித்த முட்டையை மசித்து, அரை மணிக்கு ஒருமுறை பகல் முழுவதும் கொடுக்கலாம். பால் கூடவே கூடாது. அதன் சர்க்கரையை வெட்டும் நொதி பறவைக்கு இல்லை. மீட்பு மையங்களில் தீனி மாற்றும்போது ஒரே நாளில் மாற்றுவதில்லை: பழைய தீனியில் நாலில் ஒரு பங்கைப் புதியதாக்கி, எச்சம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, ஓரிரு நாள் கழித்து அடுத்த பங்கு. எச்சம் நீராகப் போனால் ஒரு படி பின்வாங்குவார்கள்.

கூட்டுப் பெட்டி மாட்டி, கம்பும் தினையும் வைத்து, சிட்டுகளும் வந்து முட்டையிட்டு, கடைசியில் குஞ்சு மட்டும் தேறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சுற்றிலும் புழு பூச்சிக்கு வழி இருக்கிறதா என்பதை. மருந்தடிக்காத அவரைப் பந்தல், முருங்கை, ஒரு கீரைப் பாத்தி இருந்தால் அசுவினியும் சிறு புழுக்களும் தாமாக வரும். கீரையில் ஓட்டை விழுகிறதே என்று வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதைக்கூட, கூட்டில் குஞ்சு இருக்கும் இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போடலாம். தானியத் தட்டு அப்போதும் இருக்கட்டும், அது பெற்றோருக்கு. குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் பெற்றோர் ஒரு வாரம் போல ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த வாரத்தில் தட்டில் முழுத் தானியத்தோடு கொஞ்சம் உடைத்த கம்பையும் வையுங்கள், பக்கத்தில் அரைவைப்பைக்கு ஒரு கைப்பிடி ஆற்றுமணலும்.